அம்மாவின் மூன்றாவது ஊசி

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நாலு மணி நேரச் சொச்சம்தான். ஆனாலும் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வாய்க்கிறது. சர்க்கரையால் அம்மாவின் விழித்திரையில் நீர் கோத்திருக்கிறது. அதற்கு மாதாமாதம் கண்ணுக்குள் ஊசி. மூன்றாவதுக்கு நானே கூட்டிப்போனேன். டோக்கன், சொட்டு மருந்து, அயோடின் கழுவல், ஊசி எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்தன. அசந்துபோனேன்.

அது வியாழக்கிழமை. ஞாயிறு காலை, "புகை மூட்டமா இருக்குடா" என்றார். ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கட்டிச் சிவப்பது சகஜம், தானாக மங்கிவிடும். அம்மாவின் கண் சிவப்போ வலியோடு ஏறிக்கொண்டே போனது. சீட்டிலிருந்த எண்ணுக்கு ஏழு முறை அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை யார்ரா இருப்பா, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று அம்மா படுக்கப் போனார். விடாமல் வேறொரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு இழுத்துப்போனேன்.

"கிருமியா, மருந்து ஒத்துக்காத அழற்சியான்னு பாத்ததும் சொல்ல முடியாது சார். கிருமின்னு வச்சுத்தான் ஆரம்பிக்கணும். காத்திருந்தா பார்வை போயிடும்" என்றார் அந்த இளம் டாக்டர். கண்ணுக்குள்ளிருந்து கொஞ்சம் திரவத்தை உறிஞ்சி ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, வான்கோமைசின், செஃப்டாசிடிம் என்ற இரண்டு கிருமிக்கொல்லி மருந்துகளை உள்ளே செலுத்தினார்கள். பிறகு கேட்டார்: "வியாழக்கிழமை போட்டது எந்த மருந்து?"

சீட்டில் "வலது கண், ஊசி 3" என்று மட்டும் இருந்தது.

இது வெறும் எழுத்து வேலை இல்லை என்பது அங்கேதான் உறைத்தது. இந்த ஊசியில் போடும் மருந்துகள் பல. அதில் பெவாசிசுமாப் புற்றுநோய்க்கு வந்தது, கண்ணுக்கும் போடுகிறார்கள். 4 மில்லி குப்பியைப் பிரித்து ஆளுக்கு 0.05 மில்லி போடுவார்கள். பிரிக்கும்போது கிருமி சேர்ந்தால் அன்றைக்கு வந்த பலருக்கும் ஆபத்து, உடனே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். இன்னொரு மருந்தான புரோலுசிசுமாப் என்றால் கதையே வேறு: விழித்திரை ரத்தக்குழாய் அழற்சி வருவதாக 2020லேயே அமெரிக்க விழித்திரை மருத்துவர் சங்கம் எச்சரித்தது. அப்படி வந்தவருக்கு மறுபடி அதைப் போடக்கூடாது.

ஆய்வகத்தில் கிருமி வளரவில்லை. அதனால் கிருமியே இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாதாம். பிறகு அழற்சியைத் தணிக்க ஸ்டீராய்டு சொட்டு, மணிக்கொரு தரம். மூன்றாம் வாரம் அம்மா தினசரியின் தலைப்பு எழுத்துகளைப் படித்தார். பொடி எழுத்து இன்னும் தெரியவில்லை.

திங்களன்றே பழைய இடத்துக்குப் போயிருந்தேன். மருந்தின் பெயரையும் தொகுதி (பேட்ச்) எண்ணையும் பில்லின் முதுகில் பேனாவால் கிறுக்கித் தந்தார்கள். "கேட்டிருந்தா அன்னைக்கே குடுத்திருப்போமே சார்" என்றார் கவுண்டர்ப் பெண். நாலாவது ஊசிக்கு இடம் மாற்றியாயிற்று.