சினிமா படிக்க ஒரு பட்டம்: ஆய்வா, ஆக்கமா, வேறு துறையா?

பள்ளி முடித்த கையோடு சினிமாதான் என்று தீர்மானித்தவர்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. திரைப்படத்தை இலக்கியம் போலவும் வரலாறு போலவும் ஆராயும் இளங்கலைப் பட்டம் ஒன்று. கேமராவைக் கையில் கொடுத்துப் படமெடுக்கப் பழக்கும் பட்டம் இன்னொன்று. வேறு துறையில் பட்டம் வாங்கிக்கொண்டு சினிமாவை வெளியில் கற்பது மூன்றாவது. சினிமாவில் என்ன வேலை செய்யப் போகிறீர்கள் என்பதை வைத்துத்தான் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தக் கேள்வியைத் தன்னிடமே கேட்காமல் பலர் சேர்ந்துவிடுகிறார்கள். பாதிப் படிப்பில் வரும் சலிப்புக்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

பட்டத்தின் பெயரை மட்டும் நம்பாதீர்கள். பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கி, மதிப்பெண் எதற்குப் போகிறது என்று பாருங்கள். கட்டுரைக்கும் தேர்வுக்கும் பெரும்பங்கு என்றால் அது ஆய்வுப் பட்டம். முடித்துக் கொடுக்கும் குறும்படத்துக்கு என்றால் ஆக்கப் பட்டம்.

ஆய்வுப் பட்டத்தை ‘வெறும் தியரி’ என்று ஒதுக்குகிறவர்கள் அங்கே நடக்கும் வேலையைப் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டு நிமிடக் காட்சி ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள். எத்தனை ஷாட், ஒவ்வொன்றும் எத்தனை விநாடி, பேசுகிறவரின் முகத்தை விட்டுக் கேட்கிறவரின் முகத்துக்கு எந்தச் சொல்லில் வெட்டினார்கள், கேமரா எப்போது முதல்முறையாக நகர்ந்தது என்று மாணவர் எழுதிக்கொண்டே போக வேண்டும். சில மாதங்கள் இப்படிப் பழகினால், படம் பார்க்கும்போதே அதன் தையல் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். பிரெஞ்சு இயக்குநர்களான ட்ரூஃபோவும் கோதாரும் திரைப்படக் கல்லூரியில் படித்தவர்கள் அல்லர். ஆன்ரி லாங்லுவா நடத்திய சினிமாதெக் பிரான்சேஸ் என்ற திரைப்படக் காப்பகத்தில் படங்களாகப் பார்த்துத் தள்ளினார்கள். 1951இல் தொடங்கப்பட்ட ‘கையே து சினிமா’ இதழில் விமர்சனம் எழுதிச் சண்டையிட்டார்கள். அதன் பிறகே முழுநீளப் படம் எடுத்தார்கள். நல்ல ஆய்வுப் பட்டம் தருவதும் அந்தப் பார்வையையும் வாதத்தையும்தான்.

ஆனால் ஒரு விளக்கைக்கூடத் தூக்கி நிறுத்தாமலே இந்தப் பட்டத்தை வாங்கிவிட முடியும். ஆவணக் காப்பகம், விழாவுக்குப் படம் தேர்ந்தெடுத்தல், விமர்சனம், கற்பித்தல் ஆகியவை இதற்கு நேரான வேலைகள். பல இடங்களில் அவற்றுக்கும் மேற்படிப்பு கேட்பார்கள்.

ஆக்கப் பட்டத்தின் உண்மையான மதிப்பு கேமராவில் இல்லை. கேமராவை வெளியிலும் வாடகைக்கு எடுக்கலாம், கைபேசியிலேயே படமெடுக்கலாம். வெளியில் எளிதில் கிடைக்காதவை வேறு. முதலாவது, ஒலி. சரியாக அமைக்கப்பட்ட ஒலிக்கலவை அறையில் உட்கார்ந்து, வசனத்துக்கும் பின்னணி இரைச்சலுக்கும் இடையே அளவு பார்ப்பதை ஹெட்போனும் மடிக்கணினியும் கற்றுத் தராது. இரண்டாவது, படத்தொகுப்பு மேசையில் அருகில் அமரும் ஆசிரியர். விநாடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தில் மூன்று பிரேம் என்பது விநாடியில் எட்டில் ஒரு பங்கு. அந்த மூன்றை எடுத்துவிட்டால் ஒரு தயக்கம் கோபமாக மாறிவிடக்கூடும். அதை அந்த இடத்திலேயே காட்டிக்கொடுக்க ஒருவர் வேண்டும்.

மூன்றாவது, கூடப் படிக்கிறவர்கள். 1982இல் பெய்ஜிங் திரைப்படக் கல்லூரியில் படித்து முடித்த அணியில் சென் கைகே இயக்கமும் ஜாங் யிமோ ஒளிப்பதிவும் படித்தார்கள். சென் இயக்கிய முதல் முழுநீளப் படத்தின் ஒளிப்பதிவாளர் அந்த ஜாங் யிமோதான்.

குறைகளும் உண்டு. முதலாண்டில் பழகிய மென்பொருள் பட்டம் வாங்குவதற்குள் மாறிவிடும். இதைவிடப் பெரிய சிக்கல், இயக்கம் படிக்கச் சேர்ந்த எல்லோருக்கும் இறுதியாண்டுப் படத்தை இயக்கும் வாய்ப்புக் கிடைக்காமல் போவது. சில திரைக்கதைகளைத் தேர்ந்தெடுத்து, மற்றவர்களைக் குழுவில் போடும் முறை பல இடங்களில் இருக்கிறது. மாணவர் எடுத்த படத்தின் உரிமையை நிறுவனமே வைத்துக்கொள்வதும் உண்டு. சேருமுன் இந்த இரண்டையும் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது வழிக்குச் சான்றாகப் பெரிய பெயர்கள் நிறையவே கிடைக்கும். சத்யஜித் ராய் பொருளாதாரம் படித்தார், விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தார், 1947இல் நண்பர்களோடு கல்கத்தா பிலிம் சொசைட்டியைத் தொடங்கினார். ஈரானிய இயக்குநர் கியாரோஸ்தமி படித்தது ஓவியம். ஜப்பானிய இயக்குநர் குரோசாவா 1936இல் ஸ்டுடியோவில் உதவி இயக்குநராகச் சேர்ந்து, 1943இல்தான் தன் முதல் படத்தை வெளியிட்டார். இந்தப் பட்டியலைக் காட்டிப் படிப்பே வேண்டாம் என்று வாதிடுவது நியாயமாகாது. அதே வழியில் போய்த் திரும்பியவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. குரோசாவாவுக்குக் கிடைத்தது போல ஆண்டுக்கணக்கில் சம்பளம் கொடுத்து ஆளைப் பழக்கும் ஸ்டுடியோ முறையும் இன்று அரிது.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஒலி, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு ஆகியவற்றில் ஒன்றில் மனம் ஊன்றியவர் தயங்காமல் ஆக்கப் பட்டத்துக்குப் போகலாம். காப்பகத்திலும் எழுத்திலும் நாட்டமுள்ளவருக்கு ஆய்வுப் பட்டம். இயக்குநராகவோ திரைக்கதை ஆசிரியராகவோ விரும்புகிறவருக்கு, பதினெட்டு வயதில், நான் வேறு துறையைத்தான் பரிந்துரைப்பேன்: வரலாறு, சட்டம், உளவியல், எதுவானாலும் சரி. படம் எதைப் பற்றியது என்பதற்கு அந்தப் படிப்பு தீனி போடும். கூடவே விடுமுறைகளில் குறும்படம் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு முதுகலையில் திரைப்படப் பள்ளிக்குப் போகத் தடையில்லை. ஆய்வும் ஆக்கமும் ஒரே பட்டத்தில் சரிபாதியாக அமைந்த இடம் கிடைத்தால் மட்டும் இதை மாற்றிக்கொள்வேன். 1919இல் மாஸ்கோவில் தொடங்கிய உலகின் முதல் திரைப்படப் பள்ளியில் இந்தப் பிரிவினையே இருக்கவில்லை. பிலிம் தட்டுப்பாடான அந்தக் காலத்தில், அங்கே கற்பித்த இயக்குநர் குலெஷோவின் மாணவர்கள் பிலிம் இல்லாமலே காட்சிகளை நடித்துப் பழகினார்கள். ஷாட்டுகளை மாற்றி ஒட்டினால் பொருள் எப்படி மாறுகிறது என்று அவர் ஆராய்ந்ததே பாடமாகவும் ஆயிற்று.

எந்த நிறுவனமானாலும், பரிசு பெற்ற படத்தைத்தான் முதலில் காட்டுவார்கள். சென்ற ஆண்டு மாணவர்கள் எடுத்த எல்லாப் படங்களையும் கேளுங்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் வரும் பெயர்ப் பட்டியலைப் படியுங்கள். இயக்கம், ஒளிப்பதிவு, ஒலி என்ற இடங்களில் அதே நான்கு பேர் திரும்பத் திரும்ப வந்தால், மற்ற மாணவர்கள் அந்த ஆண்டு என்ன செய்தார்கள் என்று துறைத்தலைவரிடமே கேளுங்கள்.