ஒலிப்பதிவுகளைக் கணினிக்கு மாற்றக் கடையில் கொடுக்கப் போகிறவர்கள் கவனத்திற்கு

நான்கு நாள்களாகியும் ஆத்திரம் அடங்கவில்லை. கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பேருந்து நிலையத்தை ஒட்டிய, கைப்பேசி பழுதுபார்க்கும் சிறிய கடை, அவ்வளவுதான்.

சென்ற ஆண்டு காலமான எங்கள் அப்பத்தா பாடிய நடவுப் பாட்டுகளும் தாலாட்டுகளுமாக 43 பதிவுகள் என் கைப்பேசியின் குரல்பதிவுச் செயலியில் இருந்தன. அவற்றைக் கணினியில் ஏற்றி வைக்கலாம் என்று வீட்டில் கேபிளைச் செருகினால் சார்ஜ் ஏறியதே தவிர, கணினியில் கைப்பேசி தென்படவே இல்லை. கடைக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, “கேபிள் செருகும் போர்ட் போய்விட்டது அக்கா, சாஃப்ட்வேரும் புதிதாகப் போட வேண்டும், பதிவுகளை முதலில் பென் டிரைவில் எடுத்துவிடுகிறேன்” என்று சொல்லி 2,800 ரூபாய் கேட்டார். திரைப்பூட்டு எண்ணையும் சொல்லிவிட்டு வந்தேன்.

மாலையில் போனபோது பென் டிரைவைத் தன் கணினியில் செருகி ஒரு பதிவை ஓடவிட்டார். அந்த இரைச்சலுக்கு நடுவே அப்பத்தாவின் குரல் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேறெதையும் திறந்து பார்க்கத் தோன்றாமல் 2,800 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச்சீட்டில் தொகையை மட்டும் எழுதித் தந்தார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், கடையில் என் காதில் விழுந்தது என் தங்கைக்கு எப்போதோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய 40 விநாடிக் குரல்செய்தி. பென் டிரைவில் வாட்ஸ்அப் கோப்புகளும் புகைப்படங்களும் இருந்தன. குரல்பதிவுச் செயலியின் கோப்புறையை அவர் தொடவே இல்லை, 43 பதிவுகளில் ஒன்றுகூட வரவில்லை. கைப்பேசியையோ முழுவதுமாக ரீசெட் செய்து, உள்ளே இருந்த எல்லாவற்றையும் அழித்து வைத்திருந்தார்.

மறுநாள் போனேன்: “முதலாளி ஊரில் இல்லை.” அதற்கடுத்த நாள்: “ரெகவரி சாஃப்ட்வேர் போட்டு எடுக்கலாம், இன்னும் 1,500 ஆகும்.” இதுவும் பொய். இப்போதைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் கோப்புகள் மறையாக்கம் செய்யப்பட்டே, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டே சேமிக்கப்படுகின்றன. ரீசெட் செய்யும்போது அவற்றைத் திறக்கும் சாவியே அழிந்துவிடுவதால், அழிந்தவற்றை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. நேற்று கேட்டபோது, “நீங்கள்தானே அக்கா கேட்டுவிட்டுப் பணம் கொடுத்தீர்கள்” என்று முகத்துக்கு நேரே சொன்னார்.

தங்கை மகன் வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, போர்ட் அன்றும் இன்றும் நன்றாகவே இருக்கிறது. நான் செருகியது சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவான கேபிள். தகவல் கடத்தும் கம்பிகள் அதில் கிடையாது. அவன் வேறொரு கேபிளைச் செருகி, பூட்டைத் திறந்து, மேலிருந்து இறங்கும் அறிவிப்பில் ‘கோப்புப் பரிமாற்றம்’ என்பதைத் தொட்டதும் கைப்பேசி கணினியில் வந்து நின்றது. இதற்கா 2,800 ரூபாய்!

விரிவாக வழிமுறை எழுதலாம் என்றுதான் தொடங்கினேன், இப்போது பொறுமை இல்லை. முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். கடையில் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் பதிவுகளை எண்ணி வைத்துக்கொண்டு, பென் டிரைவில் ஒவ்வொன்றையும் திறந்து கேட்காமல் பணம் தராதீர்கள். நகல் உங்கள் கைக்கு வருமுன் ரீசெட் செய்யச் சம்மதிக்காதீர்கள். முறையான பில் வாங்குங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லப் போகும் என் கையில் 2,800 என்று எழுதிய அந்தத் துண்டுச்சீட்டு மட்டும்தான் இருக்கிறது.