கோழிகளுக்கு எது தகும்: உயிருள்ள தடுப்பூசியா, டி.என்.ஏ. தடுப்பூசியா?

வெள்ளைக் கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய்க்கு எதிராகப் பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டுவரும் லசோட்டா போன்ற தடுப்பூசிகளில், வீரியம் குறைந்த உயிருள்ள வைரஸ் இருக்கிறது. குடிநீரில் கலந்தோ தெளித்தோ கொடுக்கப்படும் இவ்வைரஸ் சுவாசப் பாதையிலேயே பெருகுவதால், நோய் நுழையும் வாயிலிலேயே எதிர்ப்பு உருவாகிறது. ஆனால் சில குஞ்சுகளுக்கு இதனால் சளித்தொல்லை ஏற்படுவதுண்டு. தாய்க்கோழியிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்கள் தடுப்பூசி வைரஸையே முடக்கிவிடுவதும் உண்டு.

டி.என்.ஏ. தடுப்பூசியில் வைரஸ் இல்லை. வைரஸின் ஒரு புரதத்துக்கான மரபணுவைத் தாங்கிய பிளாஸ்மிட் என்னும் வளைய டி.என்.ஏ. பெரும்பாலும் தசையில் செலுத்தப்படுகிறது. கோழியின் செல்களே அப்புரதத்தை உற்பத்தி செய்ய, எதிர்ப்பொருள்களும் டி செல்கள் என்னும் நோயெதிர்ப்பு வெள்ளணுக்களும் அதற்கெதிராகத் திரள்கின்றன. நோய் பரப்பும் அச்சம் இதில் அறவே இல்லை. வைரஸின் ஒரு புரதத்துக்கு மட்டுமே எதிர்ப்பு உண்டாவதால், தடுப்பூசி பெற்ற கோழியையும் உண்மையில் தொற்றுக்குள்ளான கோழியையும் இரத்தப் பரிசோதனையில் பிரித்தறிய முடிகிறது. பறவைக் காய்ச்சல் கண்காணிப்பில் இது சிறிய நன்மையன்று. வைரஸ் உருமாறினால் மரபணுவை மட்டும் மாற்றினால் போதும். அமெரிக்க வேளாண் துறை 2017இல் எச்5 வகைப் பறவைக் காய்ச்சலுக்கான இத்தகைய கோழித் தடுப்பூசிக்கு நிபந்தனையுடன் உரிமம் அளித்தது.

எனினும், ஆயிரக்கணக்கான கோழிகளைத் தனித்தனியே பிடித்து ஊசி போடுவது எளிதன்று. ஒரே தவணையில் போதிய எதிர்ப்பு கிடைப்பதும் அரிது. ஆகவே இறைச்சிக்கோழிப் பண்ணைக்கு உயிருள்ள தடுப்பூசியே இன்றும் பொருத்தமானது; நெடுநாள் வளர்க்கப்படும் இனப்பெருக்கக் கோழிகளில்தான் டி.என்.ஏ. முறைக்குச் செலவிடுவது நியாயமாகும்.