கட்டிப்போடுவதா, பேசித் தணிப்பதா?

மனநல வார்டில் ஒருவர் கத்திக்கொண்டே பொருட்களை வீசுகிறார். கட்டிப்போட்டால் சில நிமிடங்களில் அடங்கிவிடுவார், சரி. ஆனால் நாலைந்து பேர் அமுக்கும்போது மூச்சுத் திணறலாம். நெடுநேரம் கட்டிக் கிடந்தால் கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறையலாம். அப்புறம் அந்த ஊழியர்களை அவர் எப்படி நம்புவார்?

பேசித் தணிக்க நேரமும் ஆளும் வேண்டும். ஒருவர்தான் பேச வேண்டும். மற்றவர்கள் கூட்டம் போடாமல் விலகி நிற்க வேண்டும். இரண்டு கை தூரம் தள்ளி, வாசலை மறிக்காமல், கைகள் தெரியும்படி நின்று, "என்ன வேணும்ணே, சொல்லுங்க" என்று மெதுவாகக் கேட்க வேண்டும். பல நேரம் பசியோ, வீட்டுக்குப் போன் பேச முடியாத தவிப்போதான் காரணமாக இருக்கும்.

என் கட்சி இரண்டாவதுதான். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் பிடித்த தீயில் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியையும் தனியறையில் அடைப்பதையும் தடை செய்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவர் அனுமதியோடு கட்டலாம். ஆள் பற்றாக்குறை என்ற சாக்கை அது ஏற்பதில்லை.