ஜம்ப் ஸ்டார்ட்டர் பெட்டி: மூன்று வருடம் வைத்திருந்த அனுபவம்

திருவொற்றியூரில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே வருடத்துக்கு ஒருமுறை பெயிண்ட் கேட்கும், பேட்டரியில் வயர் மாட்டும் டெர்மினல் எம்மாத்திரம்? 2016 மாடல் பெட்ரோல் கார், வாரத்துக்கு ஒருநாள் எடுத்தால் அதிகம், மற்ற நாளெல்லாம் விம்கோ நகரில் மெட்ரோ ஏறிவிடுவேன். நின்றே கிடக்கும் வண்டிக்கு பேட்டரி இறங்காமல் என்ன செய்யும்.

டவுனான பேட்டரிக்குக் கரண்ட் கொடுத்து வண்டியை எடுக்க வைக்கும் இந்தப் பெட்டியை வாங்கியதற்குக் காரணம் ஒரு ராத்திரி. எண்ணூர் விரைவுச் சாலையில் டீ குடிக்க நிறுத்திவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும்தான். இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கிற ஜம்பர் கேபிள் என்னிடம் இருந்தது. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் டிரெய்லர் டிரைவர் ஒருவர் நிறுத்தி, "இன்னா சார், பேட்டரி டவுனா? நம்ம வண்டில மாட்டிக்கோ" என்றார். நல்ல மனசு. நானும் கேபிளைக் கையில் எடுத்துவிட்டேன், அப்புறம்தான் உறைத்தது, அந்த வண்டியெல்லாம் 24 வோல்ட், என்னுடையது 12. மாட்டியிருந்தால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூ முதல் ஹெட்லைட் வரை எது பிழைத்திருக்கும் என்று தெரியாது. கடைசியில் இரண்டு ஆட்டோக்காரர்கள் தள்ள, இக்னிஷனைப் போட்டு செகண்ட் கியரில் கிளட்சை விட்டு எடுத்தேன். ஆட்டோமேட்டிக் வண்டியில் அந்த வழியும் இல்லை.

அடுத்த வாரமே 3,800 ரூபாய்க்கு லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர் வாங்கினேன். இதுவரை பதினைந்து தடவையாவது உபயோகப்பட்டிருக்கும், அதில் என் வண்டிக்கு ஐந்தாறுதான், மீதியெல்லாம் தெருவுக்கு. மேலே 1000 ஆம்ப் என்று பெரிதாகப் போட்டிருக்கிறது, அது கண நேர உச்சக் கணக்கு, அதை நம்பிப் பெருமைப்பட வேண்டாம். என் சின்ன இன்ஜினைச் சட்டென்று எடுத்துவிடும், எதிர்வீட்டு டீசல் வண்டிக்கு மூன்றாவது முயற்சியில்தான் எடுத்தது.

மாட்டும் முறையில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. சிவப்பு கிளிப் பேட்டரியின் பிளஸ்ஸில். கருப்பை மைனஸில் மாட்டாமல், பேட்டரியைவிட்டுத் தள்ளி, இன்ஜினில் பெயிண்ட் இல்லாத இரும்பில் மாட்டுவேன். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், காற்றில் 4 சதவீதம் கலந்தாலே, மாட்டும்போது பறக்கும் ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும். பீடியோடு எட்டிப் பார்க்க வருபவரை முதலில் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. செல்ஃப் அடிப்பது ஐந்து செகண்டுக்கு மேல் வேண்டாம், எடுக்கவில்லை என்றால் ஒரு நிமிடமாவது விட்டுவிட்டு மறுபடி. எடுத்ததும் கிளிப்பை உடனே கழற்றிவிட வேண்டும், முதலில் கருப்பு, அப்புறம் சிவப்பு. பூஸ்ட் என்று ஒரு பட்டன் உண்டு, பேட்டரி சுத்தமாகச் செத்திருந்தால் அமுக்குவதற்கு. அதை அமுக்கினால் பிளஸ் மைனஸ் மாற்றி மாட்டினால் காப்பாற்றுகிற பாதுகாப்பெல்லாம் விலகிவிடும். என் பெட்டியில் அப்படித்தான், அதனால் ஒன்றுக்கு இரண்டு தடவை கிளிப்பைப் பார்க்காமல் தொடுவதே இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இந்தப் பெட்டியால் ஒரு சண்டையும் வந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் காரில் சீட் வரை தண்ணீர் நின்று வடிந்திருந்தது, "பெட்டிய குடு தம்பி, ஒரு தடவை அடிச்சுப் பார்த்துடறேன்" என்றார். தரமாட்டேன் என்றேன். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, பிஸ்டனைத் தள்ளுகிற கனெக்டிங் ராடுதான் வளையும், இன்சூரன்ஸிலும் இன்ஜினுக்குத் தனி கவர் எடுக்காதவருக்குப் பெரும்பாலும் கையை விரிப்பார்கள். பத்து நாள் பேசவில்லை. அப்புறம் மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினபோது தண்ணீர் பீய்ச்சியதை அவரே வந்து சொன்னார்.

குறை என்றால், வெயில். முதல் கோடையில் டிக்கியிலேயே போட்டு வைத்திருந்தேன், லித்தியத்துக்கு அது ஆகவே ஆகாது, இப்போது வீட்டு அலமாரியில், பயணம் போகும்போது மட்டும் வண்டியில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போட வேண்டும், மறந்தால் தேவைப்படும் நாளில் அதுவே டவுனாகிக் கிடக்கும்.

ஒரு விஷயம் தாமதமாகத்தான் புரிந்தது. மல்டிமீட்டரில் 12.6 வோல்ட், அதாவது முழு சார்ஜ், காட்டியும் செல்ஃப் எடுக்காத ஒரு காலையில் பார்த்தால், டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. மைனஸை முதலில் கழற்றி, ஆப்பசோடா கரைத்த வெந்நீரை மூடிக்குள் போகாதபடி விட்டுத் தேய்த்து, காயவைத்து, இறுக்கி மாட்டி வாஸ்லின் தடவினேன். அதிலிருந்து எட்டு மாதமாக என் வண்டிக்குப் பெட்டி தேவைப்படவில்லை. கிக்கர் இல்லாத ஸ்கூட்டர் வைத்திருக்கும் பின்தெருப் பையன் வாங்கிப் போய் இரண்டு வாரம் ஆகிறது, கேட்டால் "நாளைக்குத் தரேண்ணா" என்கிறான்.