காரைக்குடி காலேஜ் ரோடு தீசிஸ் எடிட்டிங் கடை: ஏஐ யூஸ் பண்றாங்க, ஆனா மறைக்கல

காலேஜ் ரோட்டுல மாடியில இருக்கிற தீசிஸ் டைப்பிங், எடிட்டிங் கடை பத்தி எழுதுறேன். அழகப்பா யுனிவர்சிட்டி ஸ்காலருங்க நிறைய பேர் பைண்டிங்குக்குத்தான் இங்க வருவாங்க, நான் போனது ஒரு ஜர்னல் பேப்பரோட இங்கிலீஷை சரி பண்ண.

இதுக்கு முன்னாடி வேற ஒரு கடையில விசாரிச்சேன், பேப்பர்ல எவ்வளவு ஏஐ எழுதினதுன்னு டிடெக்டர் சாஃப்ட்வேர் காட்டுற ஏஐ பர்சென்டேஜை ஒரு மணி நேரத்துல ஜீரோவாக்கித் தர்றோம்னாங்க, சாம்பிளுக்கு ஒரு பக்கம் குடுத்துப் பாத்தேன். என் ரிசர்ச் ஆத்தங்குடி தரைக் கல் செய்யுறவங்களப் பத்தி. கண்ணாடி மேல அச்சை வெச்சு கலரை ஊத்தி, அது மேல மணலும் சிமெண்டும் போட்டு, அப்புறம் தண்ணித் தொட்டியில ஊற வெச்சு எடுப்பாங்க, சூளைங்கிற பேச்சே கிடையாது. திரும்பி வந்த பக்கத்துல அந்தக் கல்லை சூளையில வெச்சு சுடுறதா அழகான இங்கிலீஷ்ல எழுதியிருக்கு! கீழ நான் போடாத ரெண்டு ரெஃபரன்ஸ் வேற, தேடிப் பாத்தா அப்படி கட்டுரையே இல்ல. இது என் பேர்ல அச்சாகியிருந்தா ஆத்தங்குடிக்குள்ள எந்த மூஞ்சியோட போறது? அங்கயே பேப்பரை வாங்கிட்டு வந்துட்டேன்.

இந்தக் கடை அக்கா எடுத்த உடனே சொல்லிட்டாங்க, "தம்பி, நானும் ஏஐ வெச்சுத்தான் கிராமர் பாப்பேன், ஆனா மாத்துன ஒவ்வொரு இடமும் உங்களுக்குத் தெரியும், சரியா தப்பான்னு நீங்கதான் சொல்லணும்." ஃபைல் வந்தப்ப நிஜமாவே எல்லாம் ட்ராக் சேஞ்சஸ்ல இருந்துச்சு, சந்தேகம் வந்த இடத்துல ஓரத்துல கேள்வி. ரெஃபரன்ஸ்ல கையே வைக்க மாட்டாங்க, ஒவ்வொரு கட்டுரைக்கும் இருக்கிற டிஓஐ லிங்க்கை ஒவ்வொண்ணா திறந்து பாத்து, திறக்காததை மட்டும் மஞ்சள் அடிச்சுக் குடுத்தாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இன்னொண்ணு. என் பேட்டிக் குறிப்புல தொழிலாளிங்க பேரு, ஊரு, போன் நம்பர் எல்லாம் இருந்துச்சு. அதையெல்லாம் எடுத்துட்டுக் குடுத்தாதான் ஏஐல போடுவேன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நம்மள நம்பி கூலி விவரம் வரைக்கும் சொன்னவங்க அவங்க, இத கடைக்காரங்க யோசிக்கிறாங்கன்னா பெரிய விஷயம். அதே மாதிரி, ஜர்னல்ல இருந்து மதிப்பீடு பண்ணச் சொல்லி ரிவியூவுக்கு வந்த அடுத்தவங்க பேப்பரை ஏஐல போட்டு ரிப்போர்ட் எடுத்துத் தரச் சொல்லி ஒருத்தர் வந்தாரு, முடியவே முடியாதுன்னுட்டாங்க. சரிதானே, வெளியாகாத பேப்பர் அது, ரகசியமா வெச்சுக்கன்னு குடுத்தது.

கடைசியா டிக்ளரேஷன். எந்த டூல், எதுக்கு யூஸ் பண்ணோம், முடிவா யார் சரிபாத்தாங்கன்னு நாலு வரி அவங்களே டிராஃப்ட் பண்ணித் தர்றாங்க. ஏஐயை கட்டுரை ஆசிரியரா போடக்கூடாது, அதால பொறுப்பேத்துக்க முடியாதுன்னு ஆய்வு வெளியீட்டு நெறிமுறை பாக்குற கோப் (COPE) அமைப்பு 2023 பிப்ரவரியிலயே சொல்லியாச்சு, மெடிக்கல் ஜர்னல் எடிட்டர்ஸ் கமிட்டியும் அதே வருஷம் மே மாசம் யூஸ் பண்ணா வெளிப்படையா சொல்லணும்னு சேத்துட்டாங்க. சொல்றதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல, மறைச்சு மாட்டினாதான் அசிங்கம்.

ஜூனியர்ஸ் ஒண்ணு புரிஞ்சுக்கோங்க, சிமிலாரிட்டி, அதாவது மத்தவங்க எழுதினதோட எவ்வளவு ஒத்துப்போகுதுங்கிறது வேற, ஏஐ ஸ்கோர் வேற. யுஜிசியோட 2018 விதியில வர்ற 10 சதவீத வரம்பு சிமிலாரிட்டிக்குத்தான். ஏஐ டிடெக்டரை நம்பி பயப்படாதீங்க, ஓபன்ஏஐயே தன்னோட டிடெக்டர் துல்லியமா இல்லன்னு 2023 ஜூலையில மூடிட்டாங்க. அதே வருஷம் ஸ்டான்ஃபோர்ட்ல இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாதவங்க எழுதின 91 டோஃபல் (இங்கிலீஷ் தேர்வு) கட்டுரையை டிடெக்டர்ல போட்டுப் பாத்தப்ப சராசரியா பாதிக்கு மேல ஏஐ எழுதினதுன்னு தப்பா காட்டிச்சு. நம்ம இங்கிலீஷும் அந்த வகைதான். அதனால ஜீரோ பர்சென்ட்னு யாராவது காசு கேட்டா குடுக்காதீங்க, உங்க டிராஃப்ட் எல்லாத்தையும் தேதியோட சேவ் பண்ணி வைங்க, கேள்வி வந்தா அதுதான் ஆதாரம்.

குறைன்னா, ரேட் மத்த கடையை விட கூட, சப்மிஷன் சீசன்ல ரொம்ப லேட்டாகும். பாமினிங்கிற பழைய தமிழ் ஃபான்ட்ல டைப் பண்ணின தமிழ் தீசிஸை யூனிகோடுக்கு மாத்தும்போது டேபிள் எல்லாம் கலைஞ்சு போகுது, அதை அவங்க இன்னும் சரி பண்ணணும். போறவங்க பிடிஎஃப் வேணாம், வேர்ட் ஃபைலாவே கொண்டு போங்க, ஜர்னலோட ஏஐ பாலிசி பக்கத்தையும் பிரிண்ட் எடுத்துட்டுப் போங்க, அதைப் பாத்துட்டுத்தான் வேலையே ஆரம்பிப்பாங்க.