றப்பர் கொண்டுவரக் கூடாத சித்திர வகுப்பு

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட ஒரு பழைய வீட்டு விறாந்தையில் ஞாயிறு காலைகளில் பெரியவர்களுக்கென்று ஒரு சித்திர வகுப்பு நடக்கிறது. பெயர்ப் பலகை இல்லை, பெயரே இன்னும் வைக்கவில்லை, வட்ஸ்அப்பில் சுற்றிவந்த அறிவித்தலைப் பார்த்துத்தான் எல்லோரும் வருகிறார்கள். "உங்களுக்குள் இருக்கும் உங்களைக் கண்டடையுங்கள், எல்லைகளை உடையுங்கள்" என்றெல்லாம் அதில் எழுதியிருந்தது. இந்த மாதிரி வசனங்கள் எனக்கு ஒத்துவராது. ஆனாலும் போனேன், இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். காசு கட்டலாமா விடலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

றப்பர் கொண்டுபோகக் கூடாது. பென்சிலும் கூடாது. ஒரு கறுப்புப் பேனை, ஒரு கொப்பி, தொடக்கத்தில் அவ்வளவுதான். படிப்பிக்கிறவர் மருதனார்மடத்தில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நுண்கலைப் பிரிவில், சித்திரம் படித்து வெளியே வந்த பிள்ளை, முப்பது வயதுகூட இருக்காது, ஆனால் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரே அவரை "ரீச்சர்" என்றுதான் கூப்பிடுகிறார். ரீச்சர் மேசையில் தேங்காய் திருவுகிற ஒரு திருவலையை வைத்துவிட்டு, "ஐயா, கொப்பியைப் பார்க்கப்படாது, திருவலையை மட்டும் பாருங்கோ, கண் போற வேகத்தில கையும் போகட்டும்" என்பார். இடையில் பேனையைத் தூக்கவும் விடமாட்டார். முடித்துவிட்டுக் குனிந்து பார்த்தால் பலகை ஒரு பக்கம், இரும்பு நாக்கு இன்னொரு பக்கம் கிடக்கும், எல்லோருக்கும் சிரிப்பு. ஆனால் அந்தப் பற்கள் இருக்கின்றனவே, நடுவில் உள்ளவை தேய்ந்து மழுங்கி, ஓரத்தில் உள்ளவை இன்னும் கூராக, அப்படியே வந்திருந்தன. எத்தனை வருசமாகத் தேங்காய் திருவுகிறேன், அந்தத் தேய்மானம் என் கண்ணில் பட்டதே இல்லை.

பிறகு ஒரு நாள் கதிரை. கதிரையைக் கீறக் கூடாதாம், கதிரைக் கால்களுக்கு இடையில் தெரிகிற இடைவெளியைத்தான் கீற வேண்டுமாம். வெறும் இடத்தின் வடிவத்தை ஒழுங்காகக் கீறிக்கொண்டு போனால் கதிரை தானாகவே நடுவில் வந்து நிற்கிறது. இது உலகம் முழுக்கச் சித்திரம் படிப்பிக்கிறவர்கள் செய்கிற பழைய பயிற்சிதான், புதுமை ஒன்றும் இல்லை. கதிரை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று மூளை முன்கூட்டியே வைத்திருக்கிற படத்தைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைக்க இது ஒரு வழி.

இந்த வகுப்பு எனக்கு ஏன் பிடித்தது என்றால், ஒரு நாள் ரீச்சர் "விரும்பினதைக் கீறுங்கோ" என்று விட்டுவிட்டார். வங்கியில் வேலை செய்கிற அன்ரி, தபாலதிபர் ஐயா, போன் கடைத் தம்பி, நான், முக்கால்வாசிப் பேர் கீறியது ஒரே படம்: இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே வளைந்து வளைந்து ஓர் ஆறு. யாழ்ப்பாணத்தில் மலை எங்கே இருக்கிறது? வற்றாத ஆறும் இல்லை, வழுக்கையாறு மாரியில்தான் ஓடும். ரீச்சர் கோபிக்கவில்லை, "இதில எதை நீங்கள் கண்ணால பார்த்தனீங்கள்?" என்று மட்டும் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை, அன்ரி மட்டும் "சூரியனைப் பார்த்தனான் பிள்ளை" என்றார்.

நாங்கள் மாதிரி வினாத்தாளில் வளர்ந்த ஆட்கள். ரியூசனில் மாஸ்டர் தந்த விடையைப் பாடமாக்கினால் புள்ளி வரும், சொந்தமாக ஒன்றை எழுதினால் வருமோ வராதோ தெரியாது. அந்தப் பயம் வேலைக்குப் போன பிறகும் கையில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. அழிக்க முடியாத பேனையும் பார்க்க முடியாத கொப்பியும் கிடைத்தால் "சரியா?" என்று கேட்பதில் பொருளே இல்லாமல் போய்விடுகிறது, ஏனென்றால் சரியாக வர வாய்ப்பே இல்லை. கட்டுப்பாடு கூடக் கூடக் கை இளகியது என்பதுதான் வேடிக்கை. ஐயா இப்போது பூட்டும் தாழ்ப்பாளும் மட்டும்தான் கீறுகிறார், பழைய படலை எங்கே கண்டாலும் நின்றுவிடுகிறாராம். எனக்குப் பூ வராது, பனைமட்டைக் கருக்கு வருகிறது. கண்டடைந்தது என்றால் இதைத்தான் சொல்லலாம், அறிவித்தலில் இருந்த அளவுக்குப் பெரிய விசயம் இல்லை.

வர்ணம் பிந்தித்தான் வருகிறது. யாழ்ப்பாணக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போய், முருகைக்கல் மதிலின் நிழலுக்கு அல்ட்ராமரீன் நீலத்தையும் பர்ன்ட் சியென்னா என்கிற செம்பழுப்பையும் கலக்கச் சொன்னார். கறுப்பு வர்ணம் தொடாமலே அந்த இரண்டும் சேர்ந்து நல்ல சாம்பல் தரும், நீலம் கூடினால் குளிர்ச்சி, மற்றது கூடினால் சூடு. விடியவே போக வேண்டும், வெயில் ஏறினால் தூரிகை மற்றப் பக்கம் போய்ச் சேர முன்னமே வர்ணம் காய்ந்து கோடு விழுந்துவிடும். கடல் காற்றுக்குக் கிளிப் கட்டாயம்.

சரி, குறைகள். மாதம் 5,000 ரூபா, அதில் கடதாசியும் அடக்கம் என்கிறார்கள், ஆனால் தருகிற கடதாசி மெல்லியது, தண்ணீர் பட்டதும் அப்பளம் மாதிரி நெளிகிறது. நீர்வர்ணத்துக்கு 300 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 300 கிராம்) தடித்த கடதாசியாவது வேண்டும். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறிய பிறகு நல்ல கடதாசி விலை பார்த்துத் தலை சுற்றுவது உண்மைதான், ஆனாலும் அடக்கம் என்று சொல்லாமல் "நீங்களே வாங்கி வாருங்கோ" என்றால் நேர்மையாக இருக்கும். மோட்டார்சைக்கிள் விட இடம் இல்லை. ஒன்பது மணி என்றால் ஒன்பதரைக்குத்தான் தொடங்கும். கீறி முடித்ததும் ஒவ்வொருவரும் தன் படம் தன் மனதைப் பற்றி என்ன சொல்கிறது என்று கதைக்க வேண்டும் என்று ஒரு சுற்று வைத்திருக்கிறார்கள், அது எனக்குத் தேவையே இல்லாத அலட்டல். பூட்டு பூட்டாகவே இருக்கட்டுமே. ஐயாவும் அந்த நேரம் பார்த்துத்தான் பிளேன்ரீ குடிக்க எழும்புவார்.

பெரியவர்களுக்குச் சித்திரமா என்று சிலர் சிரிக்கிறார்கள். 1938இல் ஓவியர் எஸ். ஆர். கனகசபை வின்சர் ஆர்ட் கிளப் என்ற சித்திரக் கழகத்தைத் தொடங்கிய ஊர் இது, பிறகு ஓவியர் மாற்கு மாஸ்டரிடம் படித்து வந்தவர்கள் எத்தனை பேர். இடையில் யுத்தமும் இடப்பெயர்வும் நிறையத்தைத் தின்றுவிட்டன, அதனால்தான் இது புதுச் சங்கதி மாதிரித் தெரிகிறது.

பிள்ளையைப் போட்டிக்குத் தயார்படுத்த நினைக்கிற பெற்றோருக்கு இந்த இடம் சரிவராது, பதினெட்டுக்குக் கீழே எடுக்கவும் மாட்டார்கள். வடிவாகச் சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்று வருகிறவர்களும் ஏமாறுவார்கள். மற்றவர்கள் போகலாம், ஐந்துக்கு நாலு தருவேன். நல்லூர்த் திருவிழா 25 நாளும் வகுப்பு இல்லை, அதற்கு முந்திய மாதம் சேர்ந்தால் காசு வீண், தேர் தீர்த்தம் முடிந்த பிறகு சேருங்கோ. கடதாசியை நீங்களே கொண்டுபோங்கோ.